கிரெஸ்டட் கெக்கோ கேட்கும் பிள்ளைக்கு எதை வாங்கித் தருவது? சிங்கப்பூர் வீட்டுக்கு மூன்று மாற்றுகள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோரிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது: "குட்டி கிரெஸ்டட் கெக்கோவுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? சூடேற்றும் விளக்கு வாங்க வேண்டுமா?" பிள்ளை எங்கோ காணொளி பார்த்திருக்கும். கண்ணுக்கு மேல் முள்முள்ளாக இமைமயிர் போல ஒரு வரிசை, ஒட்டும் விரல்கள், கண்ணிமை இல்லாததால் நாக்கை நீட்டித் தன் கண்ணையே துடைத்துக்கொள்ளும் பழக்கம். ஆசை வருவதில் வியப்பில்லை. நியூ கலிடோனியா தீவில் மட்டுமே வாழும் இந்தப் பல்லி அழிந்தே போனது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு, 1994இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு உலகெங்கும் வளர்ப்பு உயிராகப் பரவியது.

தொட்டி பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் இதை வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் இங்கே வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தேசியப் பூங்காக் கழகம் சொல்பவை இரண்டுதான்: சிவப்புக் காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. கெக்கோ, இகுவானா, பாம்பு, நட்சத்திர ஆமை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், சிறைத் தண்டனையும் உண்டு. "ஜொகூர் பாருவில் வாங்கிக் காரில் கொண்டுவந்துவிட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் சோதனைச்சாவடி வழியாக விலங்கைக் கொண்டுவருவது தனிக் குற்றம். டெலிகிராம் குழுவில் விற்பவர் "இது ஓகேதான், எல்லாரும் வளர்க்கிறாங்க" என்று சொன்னாலும் சட்டம் மாறிவிடாது. பிடிபட்டால் மாட்டிக்கொள்பவர் வாங்கியவர்தான்.

சட்டம் அனுமதித்திருந்தாலும் இந்த ஊர் அதற்கு ஒத்துவராது. கிரெஸ்டட் கெக்கோவுக்கு ஏற்ற வெப்பம் 22 முதல் 26 டிகிரி. 28ஐத் தாண்டி நீண்ட நேரம் நீடித்தால் தீனி எடுக்காது, சோர்ந்து கிடக்கும், குட்டியாக இருந்தால் இறந்தும் போகும். நம் வீடுகளில் பகல் முழுக்க 30. அதற்காகவே ஓர் அறையில் நாளுக்கு 12 மணி நேரம் குளிரூட்டி ஓடி, சராசரியாக 500 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 யூனிட். யூனிட் ஏறத்தாழ 30 காசு என்றால் மாதம் 54 வெள்ளி, 40 கிராம் எடையுள்ள ஒரு பல்லிக்காக.

பிள்ளை கேட்டது கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்து ரசிக்கும், ஏறி விளையாடும், சத்தமில்லாத ஒரு சிற்றுயிர். அந்த ஆசைக்கு அருகில் வரக்கூடிய, இங்கே அனுமதிக்கப்பட்ட மூன்றை எடுத்துக்கொள்வோம்: பச்சை மரத்தவளை, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு (ஹெர்மிட் கிராப்), சிவப்புக் காது ஆமை. மலாயாப் பெட்டி ஆமையைச் சேர்க்கவில்லை. அது காட்டில் அருகிவரும் இனம். பராமரிப்பும் ஏறக்குறைய மற்ற ஆமைக்கு உள்ளதுதான், புதிதாக வளர்ப்பவருக்கு அதில் தனி ஆதாயம் எதுவும் கிடையாது.

## எதை வைத்து எடைபோடுவது

வெப்பமும் ஈரமும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. "சூடேற்று, அடிக்கடி தண்ணீர் தெளி" என்பார்கள். இங்கே காற்றின் ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. நம் கவலை ஆறவைப்பதும் காற்றோட்டமும்தான்.

தண்ணீர். ஊரில் செய்வதுபோலக் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று நினைப்பவர்கள் பலர். சிங்கப்பூர்க் குழாய்நீரில் சேர்ப்பது குளோரமின். அது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. மீன் கடையில் "ஆன்டி குளோரின்" என்று கேட்டு வாங்கும் திரவத்தைக் குப்பியில் உள்ள அளவுப்படி கலந்தாக வேண்டும், குப்பியில் குளோரமினையும் நீக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த மூன்று உயிர்களுக்கும் இது பொருந்தும், தவளைக்கு மிக மிக. ஏனென்றால் அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது.

புகை. நம் வீடுகளுக்கே உரிய கேள்வி இது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, மாலையில் கொசுவத்தி, கரப்பானுக்குத் தெளிப்பான், டெங்கிக் காலத்தில் புளோக்கைச் சுற்றிப் புகையடிப்பு. கண்ணாடித் தொட்டியைப் பூசை அறைக்குப் பக்கத்துச் சுவரில் வைக்க நினைத்திருந்தால் இப்போதே இடத்தை மாற்றுங்கள்.

முழு வளர்ச்சியில் அளவும் எடையும். கடையில் பார்க்கும் குட்டியின் அளவு உங்களை ஏமாற்றிவிடும்.

தினத் தீனி. உயிருள்ள பூச்சியை வீட்டில் வைத்துக்கொள்ள எல்லாரும் சம்மதிப்பார்களா? பிள்ளையைக் கேட்க வேண்டாம், சமையலறையை ஆள்பவரைக் கேளுங்கள்.

ஊருக்குப் போகும் மூன்று வாரம். டிசம்பரில் திருச்சிக்கோ மதுரைக்கோ பறந்துவிட்டால் யார் பார்ப்பது?

ஆயுள். மூன்றும் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டைத் தாண்டுபவை. பத்து வயதுப் பையனுக்கு வாங்கித் தந்தால் அவன் தேசிய சேவைக்குப் போகும்போதும் அது கூடத்தில்தான் இருக்கும். அப்போது தண்ணீர் மாற்றப்போவது அப்பாவோ அம்மாவோதான்.

## பச்சை மரத்தவளை

கெக்கோ ஆசைக்கு மிக அருகில் வருவது இது. ஒட்டும் விரல்களால் கண்ணாடியில் ஏறும், பகலில் இலைமேல் மடங்கி உட்கார்ந்து தூங்கும், இரவில் எழும். முகத்தில் நிரந்தரமாக ஒரு புன்னகை. ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளையும் நியூ கினியின் தென்பகுதியையும் சேர்ந்தது. விலங்கியல் பெயரில் "நீலம்" என்று பொருள்படும் சொல் இருப்பது ஒரு வேடிக்கை. 1790இல் இதை முதன்முதலில் விவரித்த ஜான் வைட்டிடம் இருந்தது சாராயத்தில் பதப்படுத்திய தவளை. சாராயம் மஞ்சள் நிறமியைக் கரைத்துவிட, பச்சைத் தவளை நீலமாகத் தெரிந்தது.

முழு வளர்ச்சியில் 7 முதல் 11 செ.மீ., பெண் பெரியது. 15 ஆண்டுக்கு மேல் வாழும். பகலில் 24 முதல் 29 டிகிரி அதற்கு ஏற்றது, சற்றுக் கூடினாலும் நிழலும் நீரும் இருந்தால் தாங்கும். சூடேற்றும் விளக்கு, வெப்பப் பாய் எதுவும் இங்கே தேவையில்லை. கடைக்காரர் சேர்த்து விற்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

### குட்டிக்கு எந்த வீடு: பெட்டியா, கண்ணாடித் தொட்டியா?

கடையில் கிடைக்கும் குட்டி 3, 4 செ.மீ. இருக்கும். அதை நேரே பெரிய தொட்டியில் விட்டால் பூச்சி ஒரு மூலையிலும் தவளை இன்னொரு மூலையிலுமாக இருக்கும். குட்டி பட்டினி கிடப்பது நமக்குத் தெரியவே தெரியாது. முதல் மூன்று, நான்கு மாதங்களுக்கு 20 முதல் 25 லிட்டர் கொள்ளளவுள்ள, துணிமணி அடுக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியே சிறந்தது. ஒரு பக்கச் சுவரில் கீழாகவும் எதிர்ச்சுவரில் மேலாகவும் இரண்டு வரிசையாக 3 மி.மீ. துளைகள் போடுங்கள். கீழே போகும் குளிர்ந்த காற்று மறுபக்கம் மேலே ஏறி வெளியேற வழி வேண்டும். மூடியில் மட்டும் துளை போட்டால் உள்ளே காற்று தேங்கும், இரண்டே வாரத்தில் புழுங்கல் நாற்றம் வரும்.

தரையில் மணமூட்டாத சமையலறைக் காகிதம், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவதற்கு. சரளைக் கல் வேண்டவே வேண்டாம். தவளை பூச்சியைப் பாய்ந்து கவ்வும்போது கல்லையும் சேர்த்து விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளும். ஏறுவதற்கு இரண்டு கிளை, ஒளிந்துகொள்ள ஒரு கொத்து பிளாஸ்டிக் இலை, தவளையின் முதுகு உயரத்துக்கு மேல் போகாத ஆழத்தில் ஒரு தண்ணீர்த் தட்டு. முடிந்தது.

வளர்ந்த பிறகு 45×45×60 செ.மீ. கண்ணாடித் தொட்டி. முன்கதவும் மேலே கம்பி வலையும் கொண்டது. அதில் இரண்டு, மூன்று தவளைகள் வரை வைக்கலாம், ஒரே அளவில் இருந்தால் மட்டும். வாய்க்குள் போகும் அளவில் எது இருந்தாலும் தவளை அதை இரையாகத்தான் பார்க்கும், தம்பி தங்கை என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. பழைய மீன்தொட்டி வீட்டில் இருந்தால் அதை நிமிர்த்தி வைத்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். மேல்பக்கம் மட்டும் திறப்பு என்பதால் ஈரம் அடியில் தேங்கும். தவளைக்கு மேலிருந்து கை வருவது பருந்து வருவதுபோல. காசு மிச்சம்தான், ஆனால் தினமும் அது மிரளும்.

ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு போதும். மாலையில் ஒருமுறை ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரைத் தெளியுங்கள், மறுநாள் நண்பகலுக்குள் இலைகள் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை. எப்போதும் நனைந்தே கிடக்கும் தவளைக்குத் தொடையும் வயிறும் சிவந்து புண்ணாகும் பாக்டீரியாத் தொற்று வரும். குளிர்நாட்டு வழிகாட்டியைப் பார்த்து நாளுக்கு மூன்று முறை தெளிப்பவர்கள் செய்யும் தவறு இதுதான்.

### தீனி

இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். கெக்கோவுக்குக் கடையில் பழப்பொடி கிடைக்கும், தண்ணீரில் கரைத்து வைத்தால் நக்கித் தின்னும். தவளை அப்படி இல்லை, அசையும் இரையைத்தான் பிடிக்கும். சுவர்க்கோழிப் பூச்சி, கடைக்காரர் வாயில் கிரிக்கெட், உயிரோடு வேண்டும். சிராங்கூன் நார்த் வட்டாரம் போல வளர்ப்பு உயிர்க் கடைகள் நிறைந்த இடங்களில் விசாரித்தால் பையில் போட்டுத் தருவார்கள்.

பூச்சியின் அளவு தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்கு நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து, வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை ஐந்தாறு. பூச்சியை வாங்கியவுடன் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் கேரட், ஓட்ஸ் கொடுத்து அதன் வயிற்றை நிரப்புங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் பூச்சிகளோடு சிட்டிகைக் கால்சியப் பொடியைப் போட்டுக் குலுக்குங்கள். பொடியில் வைட்டமின் டி3 இருக்க வேண்டும். குட்டிக்கு ஒவ்வொரு முறையும், வாரம் ஒருமுறை பலவித வைட்டமின் பொடி. இதைத் தவிர்த்தால் எலும்பு மெலியும்: கீழ்த்தாடை ரப்பர்போல வளையும், பின்கால்கள் கோணும், விரல்கள் துடிக்கும். வந்த பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது.

கால் மணி நேரத்தில் தின்னாமல் விட்ட பூச்சிகளை எடுத்துவிடுங்கள். பகலில் அவை தூங்கும் தவளையைக் கடிக்கும். தப்பித்த பூச்சிகளுக்குக் கவலை வேண்டாம், வீட்டுச் சுவர்ப் பல்லிகள் கணக்கைத் தீர்த்துவிடும். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கும் பாட்டிதான் அவை கொழுப்பதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

வளர்ந்த தவளைக்கு எதிர்த்திசை ஆபத்து: கொழுப்பு. கண்ணுக்கு மேல் சதை மடிந்து கண்ணை மறைக்கத் தொடங்கினால் தீனியைப் பாதியாக்குங்கள்.

### மறைந்திருக்கும் செலவு

தவளை மலிவு, தொட்டி விலை அதிகம், பூச்சிச் செலவு முடிவே இல்லாதது. 5 விழுக்காட்டு வகைச் சிறிய யூவிபி விளக்கு (எலும்புக்கு உதவும் புற ஊதாக் கதிர் தருவது), 13 வாட், நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 5 யூனிட்டுக்குள். மின்சாரம் ஒரு பொருட்டில்லை. கால்நடை மருத்துவர் எல்லாரும் தவளை பார்ப்பதில்லை, பார்ப்பவர்களை முன்கூட்டியே தேடி வையுங்கள். ஆண் தவளை மழைக்காலத்தில் கத்தும். குட்டியில் ஆணா பெண்ணா தெரியாது, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் படுக்கையறை இருந்தால் யோசியுங்கள்.

தூக்கிக் கொஞ்ச ஏற்றதும் இல்லை. தொட்டே ஆக வேண்டும் என்றால் சோப்பு, கிருமிநாசினி எதுவும் இல்லாமல் கழுவி, ஆன்டி குளோரின் தண்ணீரில் நனைத்த கையால். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இது நமக்காக. தட்டுத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். வெளிக் கால்வாயில் ஊற்றினால் தவளை நோய்கள் நீர்த்தேக்கம்வரை போகும்.

## துறவி நண்டு

சிங்கப்பூர்த் தட்பவெப்பத்துக்காகவே பிறந்தது என்று சொல்லலாம். 24 முதல் 30 டிகிரி, ஈரப்பதம் 75 முதல் 85. விளக்கும் சூடும் விசிறியும் இல்லாமல் கூடத்தில் அப்படியே இருக்கும். குளிரூட்டி ஓடும் அறையில் மட்டும் வைக்காதீர்கள், அல்லது தொட்டியைக் கண்ணாடி மூடியால் மூடுங்கள். அது செவுள் போன்ற உறுப்பால் மூச்சு விடுகிறது. காற்று காய்ந்தால் மெல்ல மெல்ல மூச்சுத் திணறிச் சாகும், பல நாள் எடுக்கும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் கடையில் வாங்கும் நண்டு சில மாதத்தில் செத்துப்போகிறது? கம்பிக்கூண்டு, வண்ணச் சரளை, தண்ணீரில் நனைத்த பஞ்சு, சாயம் பூசிய சங்கு. இந்த நான்கும்தான் காரணம். துறவி நண்டு வளர வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும், தோலுரிக்க மண்ணுக்குள் புதைய வேண்டும். சரளையில் புதைய முடியாது.

சரியான வீடு: 60×30×35 செ.மீ. கண்ணாடித் தொட்டி, இரண்டு மூன்று சிறு நண்டுகளுக்கு. அடியில் ஐந்து பங்கு மணலும் ஒரு பங்கு தேங்காய் நார்த்தூளும் கலந்து, கடல்மணல் வீடு கட்டும் பதத்துக்கு உப்புநீரில் நனைத்து, 15 செ.மீ. ஆழம். கணக்குப் போடுங்கள்: 27 லிட்டர் மணல், 40 கிலோவுக்கு மேல். படிப்பு மேசை அலமாரி தாங்காது, தரையிலோ உறுதியான மரப்பலகையிலோ வைக்க வேண்டும். இந்த எடையைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

இரண்டு தண்ணீர்க் கிண்ணம். ஒன்றில் ஆன்டி குளோரின் கலந்த நன்னீர், மற்றதில் கடல்மீன் தொட்டிக்கான உப்பு லிட்டருக்கு 35 கிராம் கலந்த நீர். சமையல் உப்பு ஆகாது. நண்டு முழுகும் ஆழம் வேண்டும், ஏறி வர ஒரு கல்லும் வேண்டும். ஆளுக்கு மூன்று நான்கு சாயம் பூசாத மாற்றுச் சங்குகள், ஒன்றைவிட ஒன்று சற்றே பெரிதாக. கடையில் வாங்குங்கள். கடற்கரையில் பொறுக்கினால் அங்குள்ள நண்டின் வீட்டைப் பறிப்பதாகும்.

தீனி விஷயத்தில் மூன்றிலும் எளியது இதுதான். உப்பில்லாத நெத்தலி, ஓட்டோடு இறால் துண்டு, தேங்காய்த் துருவல், வாழைப்பழம், காய்ந்த இலை. மசாலா பட்டதும் கருவாடும் கூடாது. கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்று எப்போதும் கிடக்கட்டும், சுண்ணாம்புச் சத்துக்கு.

நண்டு மண்ணுக்குள் போய் ஆறு, எட்டு வாரம் வெளியே வராது. பிள்ளை "செத்துப்போச்சா?" என்று தோண்டப் பார்க்கும். தோண்டினால்தான் சாகும். அழுகிய மீன் நாற்றம் வந்தால் மட்டுமே இறந்ததாகக் கொள்ளுங்கள். இதுவே இதன் பெரிய குறை: தினமும் எதையாவது பார்க்க விரும்பும் பிள்ளைக்குப் பல வாரம் மணல் மட்டுமே தெரியும்.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இது வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்வது மிக அரிது, சந்தைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடிக்கப்பட்டவை. பத்தாண்டும் அதற்கு மேலும் வாழக்கூடிய உயிரை ஆறு மாதத்தில் கொன்றுவிட்டு இன்னொன்று வாங்கும் வழக்கத்துக்குத் துணைபோக வேண்டாம்.

## சிவப்புக் காது ஆமை

கடைகளில் "டெரப்பின்". பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட சிறு தொட்டியோடு கையில் திணிக்கப்படும் குட்டி ஆமை இதுதான். வாங்க மிக மலிவு, வளர்க்க மிகச் செலவு.

3 செ.மீ. குட்டி, பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். குட்டியைப் பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. 20 முதல் 40 ஆண்டு வாழும். ஓட்டு நீளம் ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்போர் கணக்கு. 25 செ.மீ. ஆமைக்கு 375 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 375 கிலோ. குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குக் கணக்கிடப்படுபவை. இவ்வளவு பெரிய தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்க முடியாது, சுவரோரம் வைப்பதற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

குட்டிக்குத் தொடக்கத்திலேயே 60 செ.மீ. நீளத் தொட்டி, முழுக்கக் காய்ந்து ஏறி உட்கார மேடை, அதன்மேல் 32 முதல் 35 டிகிரி தரும் விளக்கு, கூடவே யூவிபி விளக்கு. "ஜன்னலோரம் வெயில் படுகிறதே" என்றால், ஜன்னல் கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடும், சூடு மட்டுமே உள்ளே வரும். யூவிபி இல்லாவிட்டால் ஓடு மென்மையாகும். காய்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும். குட்டிக்கு அதன் தலையளவு ஆமை உருண்டைத் தீனி, நாளுக்கு ஒருமுறை. வளர வளரக் கீரை கூடணும்: சியாவ் பாய் சாய், ரொமேய்ன் லெட்டஸ். பசலையை அடிக்கடி போடாதீர்கள்.

வடிகட்டி தொட்டி அளவைப்போல் இரண்டு மடங்குக்கு உரியதாக வாங்க வேண்டும். 25 வாட் வடிகட்டி நாள் முழுக்க, 50 வாட் விளக்கு 10 மணி நேரம், யூவிபி விளக்கு: நாளுக்கு 1.3 யூனிட், மாதம் 12 வெள்ளி. வாரம் 150 லிட்டர் தண்ணீர் மாற்றினாலும் மாதம் 600 லிட்டர்தான், கன மீட்டர் 3 வெள்ளியைச் சற்றுத் தாண்டும் விலையில் 2 வெள்ளி. பணத்தைவிட முதுகுதான் பேசும். வாளி வாளியாக 150 லிட்டர், வாராவாரம், ஆண்டுக்கணக்கில்.

சால்மொனெல்லா கிருமியையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதை 1975இல் தடைசெய்ததற்குக் காரணமே பிள்ளைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து நோய்ப்பட்டதுதான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

பெரிதானதும் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம், இந்த இனம் உலகின் மிக மோசமான 100 படையெடுப்பு இனங்களின் பட்டியலில் உள்ளது. விசாக நாளையொட்டிப் புண்ணியம் என்று விலங்குகளை வெளியே திறந்துவிடாதீர்கள் என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான்.

## பக்கம் பக்கமாக

| | மரத்தவளை | துறவி நண்டு | சிவப்புக் காது ஆமை |
|---|---|---|---|
| முழு வளர்ச்சி | 7–11 செ.மீ. | சங்கோடு உள்ளங்கை அளவுக்குள் | 15–30 செ.மீ. |
| தொட்டி | 45×45×60 செ.மீ. | 60×30×35 செ.மீ. | 300 லிட்டருக்கு மேல் |
| தரைச்சுமை | குறைவு | நடுத்தரம், மணலால் | மிக அதிகம் |
| தீனி | உயிருள்ள பூச்சி | வீட்டில் கிடைப்பவை | உருண்டைத் தீனி, கீரை |
| மாத மின்செலவு | 2 வெள்ளிக்குள் | இல்லை என்றே சொல்லலாம் | 12 வெள்ளி அளவில் |
| பார்க்கக் கிடைப்பது | இரவில் | எப்போதாவது | பகல் முழுக்க |
| ஒரு வாரம் ஊரில் இல்லை | தண்ணீர் மாற்ற ஆள் வேண்டும் | சமாளிக்கும் | வளர்ந்தது சமாளிக்கும் |
| புகையால் பாதிப்பு | மிக அதிகம் | உண்டு | உண்டு |

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதுக்கு மேல், இரவு எட்டரைக்குத் தீனி போடும் வேலையை அதுவே செய்யும், பூச்சிப் பெட்டியை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள், ஓர் அறையாவது புகையில்லாமல் இருக்கும் என்றால் தவளைதான். கெக்கோவிடம் பிள்ளை எதிர்பார்த்ததில் முக்கால்வாசி இதில் கிடைக்கும்.

அடிக்கடி பயணம் போகும் குடும்பம், பூச்சியைக் கண்டால் அலறும் அம்மா, பொறுமையான பிள்ளை என்றால் நண்டு. மணலைத் தோண்ட மாட்டேன் என்று அந்தப் பிள்ளை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வாரப் பயணத்துக்கு நண்டுக்கும் ஆள் வேண்டும், ஆனால் வாரம் இருமுறை எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டு ஆன்ட்டி போதும்.

ஆமைக்குச் சொல்லக்கூடியது ஒன்றே: அது ஆளை அடையாளம் கண்டு நீந்தி வரும், மற்ற இரண்டும் வராது. தரைவீடு, பெரிய தொட்டிக்கு இடம், பெற்றவர்களுக்கே ஆமை ஆசை இருக்கிறது என்றால் வாங்கலாம். அப்படிப்பட்டவர்களும் புதுக்குட்டி வாங்குவதைவிட, பெரிதாகிவிட்டதே என்று தத்துக்கொடுக்கத் தேடும் ஒருவரின் ஆமையை எடுத்துக்கொள்ளலாம். அளவும் பாலினமும் தெரிந்தே வாங்குவீர்கள். பிள்ளையின் பிறந்தநாள் பரிசாக மட்டும் வேண்டாம்.

தவளை என்று முடிவெடுத்தவர்களுக்கு: தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் அனுமதிப் பட்டியலை வாங்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இனத்தின் பெயர் சரியா என்று கடையில் கேளுங்கள். இடுப்பெலும்பு துருத்தாத, தோலில் புண் இல்லாத, கண் தெளிந்த குட்டியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கண் முன்னால் ஒரு பூச்சியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தின்றால் வாங்குங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை வைக்க நினைத்த இடத்தில் வைத்து, உள்ளே வெப்பமானியும் ஈரப்பதமானியும் போட்டு, பிற்பகல் மூன்று மணிக்கும் அதிகாலையிலும் எண்களைக் குறித்து வாருங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலோரம் என்றால் மூன்று மணிக்கு 33, 34 காட்டும். எதிர்ச்சுவருக்கு மாற்றி மறுபடி ஒரு வாரம் பாருங்கள். 30ஐச் சுற்றி நின்றால் தவளையைக் கொண்டுவரலாம்.